நவம்பரில் பிறந்தவன்

அன்புள்ள ஐயா,

நான் காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். என் அக்கா குடும்பம் கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கிறது. அக்கா மகனுக்கு 16 வயது, வரும் நவம்பரில் 17 ஆகும். ஐஸ் ஹாக்கியில் ஃபார்வர்ட். உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 60 கிலோ. அவன் அணியில் அதிக கோல் போட்டவன் அவன்தான். ஆனால் போன வருஷம் ஒன்டாரியோ ஜூனியர் லீக் அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு அணிகூட அவன் பெயரைச் சொல்லவில்லை. ‘கை நல்ல கை, உடம்பு பத்தாது’ என்கிறார்களாம். மாமா, விளையாடியது போதும், படிக்கட்டும் என்கிறார். அக்கா போனில் அழுகிறாள். இந்த உடம்போடு அவன் வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரைக்கும் போக முடியுமா? நம் ஊர் உடல்வாகுக்கு அந்த விளையாட்டு ஒத்துவருமா? உயரம் கூடுவதற்கு மருந்து ஏதாவது உண்டா? 18க்கு மேல் யோகம் என்று எங்கள் ஜோசியர் சொல்கிறார். அவன் போட்ட கோல்களின் வீடியோவை இணைத்திருக்கிறேன்.

ர., காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக என் மனசில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தின் மேலேயே வந்து விழுந்தது உங்கள் கடிதம். அவன் நவம்பரில் பிறந்தவன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான். அதற்கு வருகிறேன். மற்றதை முதலில் முடித்துவிடலாம்.

உயரத்துக்கு மருந்து என்று யார் எதை விற்றாலும் வாங்காதீர்கள். வாங்கி அனுப்பியிருந்தால் இன்றைக்கே போன் செய்து குப்பையில் போடச் சொல்லுங்கள். ஜோசியரை விடுங்கள். ‘நம் ஊர் உடல்வாகு’ என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குக் கோபம். பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த ராபின் பாவா 1989இலேயே வாஷிங்டன் அணிக்காக என்.எச்.எல். ஆடிவிட்டார். பையன் பனியில் வளர்ந்திருக்கிறான், நீங்கள் இங்கே உட்கார்ந்து அவன் ரத்தத்தில் குறை தேடுகிறீர்கள். தாய்மாமன் செய்கிற வேலையா இது?

குட்டையானவர்கள் போக முடியுமா என்றால், போயிருக்கிறார்கள். மார்ட்டின் செயின்ட் லூயிஸ் 5 அடி 8 அங்குலம். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. பிறகு சேர்த்துக்கொண்ட கால்கரி அணியும் 2000இல் விட்டுவிட்டது. டாம்பா பே அணிக்குப் போனார். 2004இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி (போட்ட கோலும் போட உதவியதும் சேர்த்து), சிறந்த ஆட்டக்காரர் விருது, லீக்கை வெல்லும் அணிக்கான ஸ்டான்லி கோப்பை மூன்றும் அவருக்கு. 2013இல், 37 வயதில், மறுபடியும் அதிகப் புள்ளி அவருடையதுதான். அந்த முதல் பட்டம் வந்த காலம் எப்படிப்பட்டது தெரியுமா? வேகமாகப் போகிறவனை மட்டையால் கொக்கி போட்டு இழுத்தால் நடுவர்கள் பாதி நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள். 2005க்குப் பிறகுதான் அதைக் கண்டிப்பாகத் தண்டிக்க ஆரம்பித்தார்கள். சின்ன உடம்புக்காரர்களுக்குக் கொஞ்சம் வழி திறந்தது அப்போதுதான். இன்று 5 அடி 7, 8 அங்குலத்தில் அலெக்ஸ் டெப்ரின்காட், கோல் காஃபீல்ட் என்று பெயர் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லி உங்களைத் தேற்றுவது நேர்மையாகாது. அந்த லீக்கின் சராசரி உயரம் 6 அடிக்கு மேல். செயின்ட் லூயிஸ் ஒருவர் தெரிகிறார் என்றால், அவரைப் போலவே ஆடி யாருக்கும் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். உங்கள் பையனும் பெரும்பாலும் என்.எச்.எல். போகமாட்டான். உயரமான பையன்களுக்கும் இதையேதான் சொல்வேன். 32 அணிகள், 7 சுற்று, ஆக வருஷத்துக்கு 224 பேர்தான் டிராஃப்டில் போகிறார்கள். அதிலும் பலர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே முடிந்துவிடுகிறார்கள்.

சரி, நவம்பருக்கு வருவோம்.

கனடாவில் சிறுவர் ஹாக்கியை ஜனவரி 1 கணக்கில் பிரிக்கிறார்கள். ஒரே ஆண்டில் பிறந்த எல்லோரும் ஒரே பிரிவு. ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே பனியில் மோத வேண்டும். எட்டு வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை. ஜனவரிப் பையன் பெரியவனாகத் தெரிகிறான். ‘திறமைசாலி’ என்று நல்ல அணியில் போடுகிறார்கள். அங்கே நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டம், அதிக நேரம். ஐந்து வருஷத்தில் அவன் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985இலேயே இதை எழுதிவிட்டார்: மேல்மட்ட ஜூனியர் ஹாக்கியில் வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடக்கிறார்கள், கடைசி மூன்று மாதத்துக்காரர்கள் அருகிப்போகிறார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2013இல் வந்த ஓர் ஆய்வு. 1980 முதல் 2006 வரை டிராஃப்டில் போனவர்களை எடுத்துப் பார்த்தார்கள். வருஷத்தின் பின்பாதியில் பிறந்தவர்கள், பிற்பாடு ஆடிக் காட்டிய ஆட்டத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தைவிட 40 இடத்துக்கும் மேல் பின்னால்தான் எடுக்கப்பட்டிருக்கிறார்கள். 400 ஆட்டம், 200 புள்ளி போன்ற மைல்கல்லைத் தொடும் வாய்ப்போ, முதல் மூன்று மாதத்துக்காரர்களைவிட இவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆட்களை எடை போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள்.

அவர்கள் பார்ப்பது இன்றைய உடம்பை. தேட வேண்டியது நாளைய ஆட்டத்தை.

இதை எழுதும்போது போச்சம்பள்ளிப் பக்கம் என்னோடு படித்த ஒருவன் நினைவுக்கு வருகிறான். 1982இல் சத்துணவு வந்ததும், பால்வாடி இல்லாத எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தார்கள், ஒருவேளையாவது வயிறு நிறையட்டும் என்று. பிறந்த தேதி யாரிடம் இருந்தது? கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயசு, அவ்வளவுதான். இவனுக்கு எட்டவில்லை. அவன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் அவன் தலையை லேசாகச் சாய்த்து, விரலைப் பிடித்து இழுத்துக் காதில் வைத்து, ‘தொட்டுட்டான்’ என்றார். ஜூன் மாசத்தில் ஒரு தேதியும் போட்டார். அந்த வாத்தியாரை இன்றும் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கருணையால் அவன் காகிதத்தில் ஒரு வயசு கூடிப்போனான்.

கபடியில் அவனை மாதிரி ஒருவனை அந்த வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. முதல் ரெய்டில் யாரையும் தொட மாட்டான். பாடிக்கொண்டே போய், இடது மூலையில் நிற்பவன் எந்தக் காலை முதலில் எடுக்கிறான் என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அடுத்த ரெய்டில் அந்தக் கால் தரையை விட்டு எழும்பும் நொடியில் கை அங்கே இருக்கும். மாவட்ட ஜூனியர் தேர்வுக்குப் போனோம். வரிசையில் நிற்க வைத்தார்கள். தேர்வாளர் ஒருவர் நடந்துகொண்டே, குட்டையாக இருந்தவர்களைக் கையசைத்து வெளியே போகச் சொன்னார். இவனை ஒரு ரெய்டுகூடப் போகவிடவில்லை. 19 வயசில் என்னைவிட அரை அடி உயரமாக வளர்ந்து நின்றான். அதற்குள் கிரானைட் பட்டறையில் வேலைக்குப் போய்விட்டிருந்தான், கபடியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அந்தக் கையசைவை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் நம் மாவட்டங்களில் தேர்வு அப்படித்தான் நடக்கிறது. இப்போதும் வரிசையில் நிற்கிற பையன்களின் பிறந்த மாதத்தை யாரும் கேட்பதில்லை.

உங்கள் பையனுக்கு அவனுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. என்.எச்.எல். டிராஃப்டுக்கு ஜனவரிக் கணக்கு கிடையாது, செப்டம்பர் 15க்குள் 18 நிறைந்திருக்க வேண்டும். அதனால் அவனோடு ஆடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் அவன் முறை வரும். அத்தனை வருஷம் கூட்டத்தில் கடைக்குட்டியாக இருந்தவனுக்கு வளர முழுசாக ஒரு சீசன் கூடுதலாகக் கிடைக்கிறது. ‘வயசு கூடினவன், அதனால்தான் நன்றாக ஆடுகிறான்’ என்று அப்போது சொல்வார்கள். சொல்லட்டும்.

உங்கள் மாமாவுக்கு ஒரு வார்த்தை. படிப்பா விளையாட்டா என்று அவர் சண்டை போட வேண்டியதே இல்லை. செயின்ட் லூயிஸ் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். பழைய விதிப்படி, கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அதுவும் இல்லை.

அப்புறம் அந்த வீடியோ. எல்லாமே கோல்! கோல் போடத் தெரியும் என்றுதான் ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே. அதை வைத்து அவனை யாராலும் எடை போட முடியாது. பக் (பனியில் அடித்து ஓட்டும் ரப்பர் வட்டு) அவனிடம் வருவதற்கு முன்னால் என்ன செய்கிறான்? மூலைக்குப் பக்கைத் துரத்திப் போகும்போது தோளுக்கு மேல் திரும்பி ஒருமுறை பார்க்கிறானா, இரண்டு முறையா? களத்தைச் சுற்றியிருக்கும் பலகையோரம் பெரிய ஆள் இடிக்க வரும்போது உடம்பைத் தாழ்த்தித் திரும்பிக்கொள்கிறானா, அல்லது பக்கைக் கண்டபடி தள்ளிவிட்டு ஒதுங்கிவிடுகிறானா? ஒருதரம் இடி வாங்கியவன் அடுத்த தரமும் கோலுக்கு முன்னால் போய் நிற்கிறானா? நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று எட்டில் எவ்வளவு தூரம் போகிறான்? சின்ன உடம்புக்காரனுக்கு வாழ்வும் சாவும் அந்த மூன்று எட்டில்தான். இதில் ஒன்றுகூட உங்கள் வீடியோவில் இல்லை. தோற்ற ஆட்டம் ஒன்றுமே இல்லை.

அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் போனைப் பக்கின் பின்னால் ஓடவிடாமல், அவன் பனியில் இறங்கியதிலிருந்து ஏறும்வரை அவன்மேலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு ஷிஃப்ட் முக்கால் நிமிஷம்தான் இருக்கும். மூன்றாவது பீரியடில், அவன் களைத்துப்போன பிறகு எடுத்தது கட்டாயம் வேண்டும். வெட்டாமல் அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.