நடந்தே ஏறிவிடலாமே?

கேள்வி: கிளிமஞ்சாரோவுக்குக் கயிறும் வேண்டாம், பனிக்கோடரியும் வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும் என்கிறார்கள். மரங்கு பாதையில் ஐந்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டப்போகிறேன். இவ்வளவு எளிதென்றால் 1889-இல் முதன்முதலாக உச்சி தொட்ட ஹான்ஸ் மேயரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: மேயர் ஏறிய மலை இப்போது இல்லை. உயரம் அதே 5,895 மீட்டர்தான், பனி பெரும்பாலும் போய்விட்டது. 1912-க்கும் 2007-க்கும் இடையில் மட்டும் சிகரத்துப் பனிப்பரப்பில் ஏறக்குறைய 85 விழுக்காடு கரைந்தது. நீங்கள் சரளையில் சறுக்கப்போகும் உயரத்தில் அவருக்கு எதிரே நின்றது பனிச்சுவர். (நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை தெற்கே பனியா என்று, 1848-இல் அதைக் கண்டு எழுதிய ரெப்மன் பாதிரியாரையே லண்டன் புவியியல் மேதைகள் நம்பவில்லை.)

1887-இல் அந்தப் பனியடியிலிருந்து மேயர் வெறுங்கையோடு திரும்பினார். மறு ஆண்டு மலையை எட்டுமுன்பே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரக் கிளர்ச்சியில் பிடிபட்டு, மீட்புப்பணம் கொடுத்து மீண்டார். 1889-இல் ஆல்ப்ஸ் பனியில் பழகிய மலையேறி பூர்ட்செல்லரை அழைத்துப்போனார். அதைவிட முக்கியம், பல இடங்களில் முகாம் போட்டு உணவைச் சேர்த்துவைத்தது. ஒருமுறை தோற்றால் அடிவாரம் வரை இறங்க வேண்டாம். அக்டோபர் 3-ஆம் தேதி பனியில் ஒவ்வொரு படியாக வெட்டியே களைத்து, எரிமலை வாயின் விளிம்போடு திரும்பினார்கள். உச்சி இன்னும் தள்ளி, தெற்கு விளிம்பில் இருந்தது. மேலேயே தங்கி ஓய்வெடுத்து, 6-ஆம் தேதி மீண்டும் ஏறித் தொட்டார்கள்.

உங்கள் ஐந்து நாள் திட்டத்தில் இல்லாதது இதுதான்: உடம்பு உயரத்துக்குப் பழக மேலேயே தங்கும் நாள். கணக்கைப் பாருங்கள்: முதல் இரவு மந்தாரா, 2,700 மீட்டர், அடுத்தது ஹொரொம்போ, 3,700, மூன்றாவது கிபோ குடில், 4,700. அன்று நள்ளிரவே எழுப்பி, மேலும் 1,200 மீட்டர் ஏற்றுவார்கள். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டு என்கிறது மலை மருத்துவம். நீங்கள் இரட்டிப்பாகக் கூட்டுகிறீர்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் ஏறக்குறைய பாதிதான். அங்கே தொடையில் பலமிருந்து என்ன? நன்றாக ஓடிப் பழகியவர்கள் வேகமாக ஏறி, வேகமாகவே படுத்துக்கொள்வதும் உண்டு.

ஆகவே ஹொரொம்போவில் இன்னோர் இரவு சேர்த்து ஆறு நாளாக்குங்கள். ஏழு நாள் மச்சாமே பாதை இன்னும் நல்லது: பகலில் லாவா டவர் என்ற பாறை வரை 4,600 மீட்டருக்கு ஏற்றி, இரவு 3,900-த்தில் தூங்கவைக்கும்.

தலைவலி, குமட்டல் வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் கட்டைவிரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால் அது மூளைவீக்கமாக இருக்கலாம். இருட்டானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பை உயரத்துக்குப் பழக்க உதவும், இழந்த நாட்களை ஈடுகட்டாது. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நள்ளிரவில் கிளப்புவது சூரியோதயப் படத்துக்காக மட்டுமல்ல. குளிரில் சரளை இறுகிக் கால் புதையாது. வெயில் ஏறினால் இரண்டடி வைத்து ஓரடி வழுக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை அந்தக் குளிரில் உறைந்து அடைக்கும். புட்டியைத் தலைகீழாக வையுங்கள். பனி மேலிருந்துதான் கட்டும், வாய்ப்பக்கம் கடைசிவரை திறந்திருக்கும்.