பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை இன்றைய எண்டூரோ போட்டியில் (காடு, சேறு, பாறை வழியே நடக்கும் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் போட்டி) ஓட்டுவது வண்டிக்குச் செய்யும் துரோகமா?

துரோகமே இல்லை. 1960களின் டிரையம்ப் என்ற பிரிட்டிஷ் வண்டி ஒன்றை வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறீர்கள், சேற்றில் இறக்க மனம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கிலாந்தில் வசிக்கும் நான், அதே காலத்து 500 சிசி டிரையம்பை வேல்ஸ் காட்டுப்பாதைப் போட்டிகளில் ஓட்டிவருவதால், இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராகவே பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இவ்வண்டிகள் இந்த வேலைக்குப் புதியவை அல்ல. 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய, இதே எண்டூரோ வகையான சர்வதேச ஆறு நாள் போட்டியின் கோப்பையை 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் பிரிட்டன் வென்றது. அந்த வெற்றியை ஒட்டியே டிரையம்ப் தன் மாடல் ஒன்றுக்கு ‘டிரோஃபி’, அதாவது கோப்பை, என்று பெயரிட்டது. அதே அணியில் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். 1964இல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில் நடந்த அதே போட்டியில் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டியதும் டிரையம்ப்தான்.

புதிய வண்டிகளை நான் தாழ்த்திப் பேசவில்லை. ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் அமுங்கி எழும் அவற்றின் சஸ்பென்ஷனுக்கு முன்னால் வேகத்தில் நாம் போட்டியே அல்ல. ஆனால் எண்டூரோவில் பெரும்பகுதி, ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் உங்களுக்குக் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர்வதும், வழியில் பழுதானால் கையிலிருக்கும் கருவிகளைக் கொண்டு நீங்களே சரிசெய்வதும்தான். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருப்பதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். நம் ஊரின் பழைய புல்லட்டில் பழகிய கால்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சென்ற இலையுதிர் காலத்தில், விடாத மழையில், ஓர் ஓடையைக் கடந்து ஏற்றம் ஏறும்போது வலப்பக்க சிலிண்டர் நின்றுபோனது. ஊசியிலை மரங்களின் இருட்டில் பாயின்ட்களின் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும், சிலிண்டருக்கு ஒன்றான தொடுமுனைகள்) மூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றி, கைக்குட்டையால் ஈரத்தைத் துடைத்து, கிக்கரை மெல்ல மிதித்துப் பார்த்தேன். ஒரு பாயின்ட் அடக்கமாக இருக்க, மற்றது நீலமாகப் பொரிந்து தள்ளியது. பாயின்ட் இப்படிப் பொரியாமல் காக்கும் சிறு மின்பாகமான கன்டென்சர் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மேல்சட்டைப் பையிலிருந்த பழைய கன்டென்சரை மாட்டி, சில நிமிட அபராதத்தோடு சாவடியை அடைந்து, அன்றைய சுற்றை முடித்தேன்.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அன்று செத்தது அறுபது ஆண்டுப் பழைய பாகமல்ல. அந்தப் பருவத்தில் புதிதாக வாங்கிப் பொருத்திய நகல் பாகம். அளவு சரியாக இருக்கும், பெட்டி பளபளக்கும், சூடேறினால் உயிரை விடும். இப்படிப்பட்டவற்றை விற்பவர்களே ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று நம்மிடம் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆலையிலிருந்து வந்தபடியே, ஒரு பாகமும் மாறாமல் இருக்கும் அபூர்வ வண்டியைப் பாறையில் மோதச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதற்கு இடம் காட்சிக்கூடம்தான். உங்களுடையது ஏற்கெனவே பிரித்துச் சேர்த்த வண்டி என்றால், நல்ல காற்று வடிகட்டி போட்டு, கன்டென்சர்களை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி டேங்குக்கு அடியில் மாற்றி வைத்து, பழைய வண்டிகளுக்கான பிரிவில் பெயர் கொடுங்கள்.