நாலாம் நாள் படத்தில் கலங்கள் எங்கே?

கேள்வி: கொழும்பில் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை எடுக்கிறேன். முட்டை எடுத்த மறுநாள் இரவு பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அனுப்பிய படத்தில் எட்டு உருண்டைகள் தெளிவாக இருந்தன. நாலாம் நாள் படத்தில் ஒரே கட்டி. மாமி, "கரைஞ்சு போச்சு, பஸ் குலுக்கம்தான்" என்கிறார். உண்மையா?
– பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: முதலில் பஸ் கதையை முடித்துவிடுவோம், பிள்ளை. நீங்கள் ஹபரணைப் பாதையில் குலுங்கி வந்தபோது முளையம், அதாவது அந்தப் படத்தில் இருக்கும் தொடக்கக் கரு, கொழும்பில், 37 பாகை வெப்பப்பெட்டிக்குள் இருந்தது. உங்களோடு பஸ் ஏறவே இல்லை. இதை மாமியிடம் அப்படியே சொல்லுங்கள்.

சரி, கட்டி. நாலாம் நாளில் முளையம் அப்படித்தான் இருக்க வேண்டும். எட்டுக் கலங்களும் அதற்குப் பிறகு பிரிந்தவையும் உள்ளேதான் இருக்கின்றன. நெருங்கி ஒட்டிக்கொண்டதால் இடையிலுள்ள கோடுகள் மறைந்துவிட்டன, அவ்வளவுதான்.

இறுக்குவது கலத்துக்குள் இருக்கும் குழியவன்கூடு. உயர்தர வகுப்பில் நான் இதைப் படிப்பித்தபோது பிள்ளைகள் அதைக் கலத்தைத் தாங்கும் கம்பி வேலை என்றுதான் எழுதினார்கள். கம்பி அசையாது, இது இழுக்கும். கலத்தின் தோலுக்கு அடியில் அக்ரின் என்ற புரத இழைகள் வலையாகப் படர்ந்திருக்கும். மயோசின் என்ற இன்னொரு புரதம் அவற்றைப் பிடித்து இழுக்க, சுருக்குப்பைக் கயிறு இழுபடுவதுபோல வெளிப்பக்கம் இறுகும், கலங்கள் ஒன்றோடொன்று அழுந்தும். பாரிஸ் ஆய்வாளர்கள் சிகிச்சைக்குப் பயன்படாமல் தானமாகக் கிடைத்த மனித முளையங்களை மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பார்த்து 2024இல் இதை அளந்து எழுதினார்கள். இறுகும்போது வெளிப்பரப்பின் இழுவிசை ஏறக்குறைய நாலு மடங்கு கூடுகிறது. போதிய பலத்தோடு இழுக்காத கலம் கூட்டத்தில் சேராமல் வெளியே நின்றுவிடுவதும் உண்டு.

அப்புறம், யார் உள்ளே யார் வெளியே என்ற பிரிவு வரும். உள்ளே போனவை பிள்ளையாகும் பக்கம், வெளியே நின்றவை நச்சுக்கொடிப் பக்கம். எலி முளையத்தில் கெரற்றின் இழைகள், நம் நகத்தில் இருக்கும் அதே வகைப் புரதம், வெளிக்கலங்களுக்கே போய்ச் சேருகின்றன.

இந்தக் கூட்டில் இன்னொரு பங்காளி ரியூபுலின் என்ற புரதம். கலம் பிரியும்போது மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும் நுண்குழாய்களை அதுதான் கட்டுகிறது. மாரியில் நம் வேலியோரம் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கில் உள்ள கொல்சிசின் ரியூபுலினைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டுமானத்தையே நிறுத்திவிடும். நிறமூர்த்தச் சோதனையில் பிரியும் கலத்தை நடுவழியில் நிறுத்த அதைப் பயன்படுத்துவார்கள். கிழங்கோ கொடிய நஞ்சு. கர்ப்பம் தங்க நாட்டு மருந்து என்று யாராவது வேர், கிழங்கு இடித்துத் தந்தால் வாயில் வைக்காதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

இறுகிவிட்டது என்பதால் கரு தங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாம், ஆறாம் நாள் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் நீர் நிறைந்த குழியும், ஒரு ஓரத்தில் கலக் குவியலும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அடுத்து எப்போது கருப்பையில் வைப்பார்கள் என்பதுதான் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.