வாளியில் அளந்த மழை

கேள்வி: அண்மையில் இரவு பெய்த மழையை முற்றத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் ஸ்கேல் வைத்து அளந்தேன், 6 செ.மீ. இருந்தது. எங்கள் ஊர் மழைமானியின் அளவாக நாளிதழில் வந்ததோ 4 செ.மீ.தான், அதுவும் மறுநாள் தேதியிட்டு. வீட்டில் மழையைச் சரியாக அளக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் கணக்கைக் கெடுத்தது வாளியின் வடிவம். வாய் அகன்று அடி குறுகிய பாத்திரத்தில், அகன்ற வாய் வாங்கிய நீர் முழுவதும் குறுகிய அடியில் சேர்வதால், மட்டம் உள்ளதைவிட உயர்ந்து நிற்கும். பக்கங்கள் செங்குத்தாக இருந்தால், டம்ளரானாலும் அண்டாவானாலும் ஒரே மழைக்கு ஒரே ஆழம்தான். 1441இல் கொரிய மன்னர் சேஜோங்கின் ஆட்சியில் உருவான மழைமானி உருளை வடிவில் அமைந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும். அதற்கும் வெகுகாலம் முன்னரே, தானியக் களஞ்சியத்தில் ஒரு முழ அகல வாயுள்ள குண்டத்தை மழை அளக்க வைக்குமாறு அர்த்தசாஸ்திரம் கூறியிருக்கிறது.

தேதிக் குழப்பத்துக்குக் காரணம் வேறு. இந்தியாவில் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் பதிகிறார்கள். ஆகவே திங்கள் இரவு பெய்த மழை செவ்வாய்க் கணக்கில்தான் வரும்.

வீட்டில் அளப்பதற்கு, வாயின் உள்விட்டம் 16 செ.மீ. உள்ள ஒரு புனலைக் குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் பொருத்துங்கள். அந்த வாயின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. என்பதால், சேரும் ஒவ்வொரு 20 மி.லி. நீரும் 1 மி.மீ. மழையாகும். புனலின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் இருக்க வேண்டும். தாழ்ந்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் துளிகளும் உள்ளே விழும். சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது விலகி வையுங்கள். ஒரு கார்த்திகை முழுவதும் தென்னைக்கு அருகில் வைத்து அளந்த என் குறிப்பேட்டை நான் பின்னர் ஒதுக்கிவிட நேர்ந்தது. மட்டையிலிருந்து சொட்டிய நீர் எவ்வளவு, வானத்திலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரிக்கவே முடியவில்லை.

அளவு ஜாடியில் ஊற்றியதும் நீரின் மேற்பரப்பு கண்ணாடியோரம் சற்று ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். ஜாடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, அந்தக் குழிவின் அடியைப் படிக்க வேண்டும். மழையில்லாத நாளிலும் ‘0’ என்று எழுதிவையுங்கள்; வெற்றிடமாக விட்டால், மழை இல்லையா, பார்க்கவில்லையா என்பது பின்னால் உங்களுக்கே தெரியாது.

நம் உழவர்கள் ‘ஓர் உழவு மழை’ என்று சொல்வது வேறோர் அளவு. ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதை அது சொல்கிறது. மழைமானி அதைச் சொல்லாது. உங்கள் குறிப்பேட்டில் இரண்டுக்கும் இடம் கொடுங்கள் என்பது என் விருப்பம்.

கேள்வி: தானியங்கி மழைமானிகள் வந்துவிட்ட பிறகும் கையால் அளப்பது ஏன்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சிறு வாளி நிரம்பிக் கவிழ்வதை எண்ணி அளக்கும் வகைக் கருவி, கொட்டித் தீர்க்கும் மழையில் குறைத்துக் காட்டக்கூடும், கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் வராமல் போகிறது. புனலை ஓர் இலை அடைத்துக்கொண்டாலும், கொட்டும் மழையிலும் அது சுழியத்தையே பதியும். நாள்தோறும் காலையில் போய்ப் பார்ப்பவர் அந்த இலையை எடுத்துப் போட்டுவிடுவார்.