வாசகர் கேள்வி-பதில்: பெடல் ஸ்டீல் கிட்டாரில் முழங்கால் லீவர்கள்

கேள்வி: கால் பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் கம்பிகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் கற்கத் தொடங்கியிருக்கிறேன். என்னுடையது ஈ9 சுருதியில் அமைந்த, மூன்று பெடல்களும் ஒரே முழங்கால் லீவரும் உள்ள பத்துக் கம்பிக் கருவி. அந்த லீவர் நான்காம், எட்டாம் கம்பிகளை ஈ-யிலிருந்து டி ஷார்ப்புக்குத் தாழ்த்துகிறது. இன்னும் மூன்று லீவர்கள் பொருத்த இடமிருக்கிறது. எந்த வரிசையில் சேர்ப்பது?

பதில்: மூன்றையும் ஒரே நாளில் மாட்டிவிடாதீர்கள். முதலில் உங்களுக்குத் தேவைப்படுவது, அதே நான்காம், எட்டாம் கம்பிகளை ஈ-யிலிருந்து எஃப்-க்கு உயர்த்தும் லீவர். காரணம் எளிது. பெடல் எதையும் மிதிக்காமல் மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி மேஜர் கிடைக்கிறது. ஏ பெடலையும் (பி கம்பிகளை சி ஷார்ப்புக்கு உயர்த்துவது) பி பெடலையும் (ஜி ஷார்ப் கம்பிகளை ஏ-க்கு உயர்த்துவது) சேர்த்து மிதித்தால் அதே ஜி மேஜர் பத்தாம் ஃப்ரெட்டில் கிடைக்கிறது. இடையில் உள்ள ஏழு ஃப்ரெட் தொலைவைக் கடக்க, ஏ பெடலையும் இந்த உயர்த்தும் லீவரையும் சேர்த்து ஆறாம் ஃப்ரெட்டில் வாசித்தால், அங்கும் ஜி மேஜரே நிற்கும். மூன்று, ஆறு, பத்து என்னும் இந்த மூன்று இடங்கள் கைவசமானால், கம்பிமேல் நகரும் பார் அதிகம் அலையாமல் பாட்டு நகரும்.

இப்போது இருக்கும் தாழ்த்தும் லீவரையும் குறைவாக மதிப்பிட வேண்டாம். வெறும் கம்பிகளில் அதை மட்டும் தள்ளினால் ஜி ஷார்ப் மைனர் கிடைக்கும். பி பெடலோடு சேர்த்தால் பி ஏழாம் கார்டு பிறக்கும். ஆகவே ஈ கம்பிகளைத் தொடும் இந்த இரண்டு லீவர்களே கருவியின் முதுகெலும்பு என்பது என் கருத்து.

அடுத்ததாக, இரண்டாம் கம்பியை டி ஷார்ப்பிலிருந்து டி-க்கும், இன்னும் தள்ளினால் சி ஷார்ப்புக்கும் தாழ்த்துவதோடு, ஒன்பதாம் கம்பியை டி-யிலிருந்து சி ஷார்ப்புக்குத் தாழ்த்தும் லீவரை வலது முழங்காலுக்குக் கொடுங்கள். பாதி வழியில் முழங்காலுக்குத் தட்டுப்படும் ஒரு தடை இருந்தால், டி-யில் நிறுத்துவது எளிது. நான்காவது லீவரை எதற்கு ஒதுக்குவது என்பதில் வாசிப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; முதல் கம்பியை எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு உயர்த்துவோரும் உண்டு, ஐந்தாம் கம்பியை பி-யிலிருந்து பி ஃப்ளாட்டுக்குத் தாழ்த்துவோரும் உண்டு. உங்கள் பாடல்களே அதைக் கேட்கும்வரை காத்திருங்கள்.

இடது முழங்காலின் எந்தப் பக்கத்தில் எது என்பது உங்கள் பெடல் வரிசையைப் பொறுத்தது. பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸ் பெயரால் வழங்கும் அமைப்பில் ஏ பெடல் இடது ஓரத்தில் இருக்கிறது. அதை மட்டும் மிதிக்கப் பாதம் இடப்பக்கம் சாயும்போது முழங்காலும் அதே பக்கம் போவதால், உயர்த்தும் லீவர் இடப்பக்கத்திலும் தாழ்த்தும் லீவர் வலப்பக்கத்திலும் அமைகின்றன. இன்னொரு பெடல் ஸ்டீல் கலைஞர் ஜிம்மி டே பெயரால் வழங்கும் அமைப்பில் பெடல்களின் வரிசை தலைகீழ். ஆகவே லீவர்களும் இடம் மாறும். காலின் இயல்பான சாய்வுக்கு எதிராக லீவரைப் பொருத்தியவர் ஒவ்வொரு முறையும் தம் காலோடு சண்டையிட வேண்டியிருக்கும்.

கேள்வி: தாழ்த்தும் லீவரைத் தள்ளும்போது எட்டாம் கம்பியின் சுருதி முன்னே தாழ்கிறது, நான்காம் கம்பியினுடையது பின்னே தாழ்கிறது. லீவரை விட்டதும் நான்காம் கம்பி பழைய ஈ-க்குத் திரும்பாமல் சற்றுத் தாழ்ந்தே நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாவது குறையை முதலில் பாருங்கள். கருவியின் வலது ஓரத்தில், லீவரின் அசைவைக் கம்பிக்குக் கொண்டுசெல்லும் இழுகம்பியின் முனையில் இருக்கும் நைலான் நட்டைச் சிறிது தளர்த்துங்கள். உடனே ஈ சரியாகத் திரும்பினால், நட்டு இறுகியிருந்ததால் கம்பியைத் தாங்கும் ‘விரல்’ என்னும் நெம்புத்துண்டு ஓய்வில்கூடத் தன் தடையில் போய் உட்காரவில்லை என்று பொருள். தளர்த்தியும் திரும்பவில்லையானால், தாழ்த்தும் விரலைத் திரும்ப இழுக்கும் சுருள்வில் வலுவிழந்திருக்கக்கூடும். அதைச் சிறிது சிறிதாக மட்டும் இறுக்குங்கள், ஏனெனில் அளவுக்கு மீறினால் லீவர் கனத்துவிடும். இந்த வில் தளர்ந்திருப்பதற்கு இன்னோர் அடையாளம், சி பெடலை மிதித்தபோது அதே நான்காம் கம்பி எஃப் ஷார்ப்பை எட்டாமல் நிற்பது.

முன்னே, பின்னே வரும் குறைக்கு, இரண்டு இழுகம்பிகளும் ஒரே நொடியில் இழுக்கத் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். நட்டில் தளர்வு அதிகமுள்ள இழுகம்பி தாமதமாகத்தான் அசையும். தொடக்கம் ஒன்றாகி, முடிவில் மட்டும் நான்காம் கம்பி டி ஷார்ப்பை எட்டவில்லையென்றால், அதன் இழுகம்பியை, லீவரோடு சுழலும் தண்டில் பொருத்திய கையில், தண்டிலிருந்து தள்ளியிருக்கும் துளைக்கு மாற்றுங்கள். லீவரின் அதே அசைவுக்கு இழுகம்பி அதிக தூரம் நகரும். அதற்கு விலையாக லீவர் சற்றுக் கடினமாகும். அதிகம் இழுபட வேண்டிய கம்பிக்கு ஏற்ப லீவரின் தடைத் திருகை வைத்தபின், மற்றதை நட்டால் சரிசெய்து கொள்ளலாம்.

சுருதி பற்றியும் ஒரு சொல். உயர்த்தும் லீவரின் எஃப்-ஐ ட்யூனரில் பூஜ்யத்தில் நிறுத்தினால், ஏ பெடலோடு சேரும்போது காதில் உறுத்தும். தூய மேஜர் மூன்றாம் ஸ்வரம் ட்யூனர் காட்டும் இடத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்தது. அந்தக் கார்டில் அடிப்படையாகும் சி ஷார்ப்பே ஏ மேஜருக்கு மூன்றாம் ஸ்வரமாக ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால், அதன்மேல் நிற்கும் எஃப் இரட்டிப்பாக, ஏறத்தாழ 27 சென்ட் தாழ வேண்டியிருக்கிறது. இரு ஸ்வரங்கள் மோதி எழும் அலைவு அடங்கும் இடத்தைக் காதால் தேடி அங்கே நிறுத்துங்கள்.

கேள்வி: பெடலை மிதிக்கும்போதே முழங்கால் லீவரில் பட்டுவிடுகிறது.

பதில்: லீவரை வளைப்பதற்கு முன் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். வழக்கமாக அமரும் இருக்கையில் அமர்ந்து, இடது பாதம் ஏ, பி பெடல்கள் இரண்டையும் முழுதாக மிதித்த நிலையில், முழங்காலின் இருபுறமும் லீவர்கள் தொடாமலும், அதே சமயம் சிறு அசைவில் எட்டும்படியும் இருக்க வேண்டும். அதன் பிறகும் பட்டால், லீவரின் ஓய்வுநிலைத் திருகைக்கொண்டு அதைக் காலிலிருந்து சற்று விலக்கி, நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.