கிராண்ட் ஜூரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டிரம்ப் மீது கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியதாக 2023-ல் செய்தி வந்தது. அப்புறம் அவரே மறுபடி அதிபராகிவிட்டார். அப்படியானால் கிராண்ட் ஜூரி சொன்னதற்கு என்னதான் மதிப்பு? (கோவை)

கிராண்ட் ஜூரி என்பது அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஒரு குழு. அது யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 2023 மார்ச்சில் மன்ஹாட்டனில் குற்றம் சாட்டியது ஒரு கிராண்ட் ஜூரி. 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது 12 பேர் கொண்ட வேறொரு விசாரணை ஜூரி. மத்திய அரசுத் தரப்பு தொடர்ந்த இரண்டு வழக்குகளிலும் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது. ஆனால் விசாரணையே நடக்காமல் அவை முடிந்துபோயின. குற்றம் சாட்டப்பட்டவரோ தண்டிக்கப்பட்டவரோ அதிபர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பில் எங்கும் இல்லை.

கேள்வி: உள்ளே நீதிபதி கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது, கதவையும் பூட்டிக்கொள்கிறார்கள். இது நியாயமா? (திருச்சி)

நியாயமாகத் தெரியாதுதான். மத்திய நீதிமன்றங்களில் 16 முதல் 23 பேர் வரை உட்காருவார்கள். அவர்களில் 12 பேர் ஒத்துக்கொண்டால் குற்றச்சாட்டு உறுதி. சாட்சிகளைக் கூப்பிடுவது, எந்த ஆவணத்தைக் காட்டுவது, சட்டத்தை விளக்குவது எல்லாமே அரசு வழக்கறிஞர் கையில். குறுக்கு விசாரணை கிடையாது. ‘அவர் சொன்னார், நான் கேட்டேன்’ வகைச் சாட்சியத்தை வைத்தே குற்றம் சாட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 1956-ல் சொல்லிவிட்டது. சந்தேக நபருக்குச் சாதகமான ஆதாரம் கையில் இருந்தாலும் அதை ஜூரிக்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1992-ல் இன்னொரு தீர்ப்பும் வந்தது.

ஆனால் இந்த ஏற்பாடு அரசுக்கு வசதி செய்துகொடுக்க வந்ததல்ல, குடிமக்களுக்குக் கேடயமாக வந்தது. 1734-ல் நியூயார்க்கில் ஆளுநர் காஸ்பியை விமர்சித்துப் பத்திரிகை அச்சிட்ட ஜான் பீட்டர் ஜெங்கர் மீது குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி மறுத்தது. ஆளுநர் தரப்பு வேறு வழியில் வழக்குப் போட்டது. மறுவருடம் விசாரணை ஜூரி அவரை விடுவித்தது. அந்த அனுபவமெல்லாம் மனதில் இருந்ததால்தான் 1791-ல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தில் கிராண்ட் ஜூரியை எழுதிவைத்தார்கள். குற்றம் நிரூபணமாகாதவரின் பெயர் கெடக் கூடாது என்பதும் ரகசியத்துக்கு ஒரு காரணம்.

இன்றைய நிலைமை வேறு. அரசு வழக்கறிஞர் நினைத்தால் ஒரு ஹாம் சாண்ட்விச் மீதுகூடக் குற்றம் சாட்டவைக்கலாம் என்று 1985-ல் நியூயார்க் மாநிலத் தலைமை நீதிபதி சால் வாக்ட்லர் சொன்னார். (பிற்பாடு அவரே ஒரு கிராண்ட் ஜூரியால் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குப் போனார். அது தனிக்கதை.) கேடயம் அரசு வழக்கறிஞரின் கருவியாகிவிட்டது என்பதுதான் என் கருத்தும். ஆனாலும் அது முழுக்கச் செத்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஒருவர் மத்திய அரசு அதிகாரி மீது நிஜமாகவே ஒரு சாண்ட்விச்சை வீசினார். பெருங்குற்ற வழக்குப் போடப் பார்த்தார்கள். கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. கிராண்ட் ஜூரி தேவைப்படாத சிறு குற்றமாக மாற்றி வழக்கு நடத்தினார்கள். நவம்பரில் விசாரணை ஜூரியும் அவரை விடுதலை செய்தது.

கேள்வி: அவ்வளவு சுலபமாகக் குற்றம் சாட்ட முடியுமென்றால், ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர் எப்படித் தப்பினார்? (மதுரை)

அரசு வழக்கறிஞர் வழக்கை எப்படி முன்வைக்கிறார் என்பதில்தான் விடை இருக்கிறது. சாதாரண வழக்கில் இரண்டொரு சாட்சியைக் காட்டி, இன்ன குற்றம் சாட்டுங்கள் என்று கேட்பார்கள். ஃபெர்குசன் இருக்கும் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியில் 2014-ல் அப்படிச் செய்யவில்லை. எல்லா ஆதாரத்தையும் மாதக்கணக்கில் கொட்டினார்கள், இந்தக் குற்றத்தைச் சாட்டுங்கள் என்று பரிந்துரைக்கவில்லை, சுட்ட டேரன் வில்சனே நேரில் வந்து மணிக்கணக்கில் தன் தரப்பைச் சொன்னார். அங்கே 12 பேரில் 9 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் 24 அன்று குற்றச்சாட்டு இல்லை என்று அறிவித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் சட்டப்படி தவறு இருந்ததா என்பது தனி விவாதம். மத்திய நீதித்துறையும் பிறகு விசாரித்து வழக்குப் போடவில்லை. நான் சொல்வது நடைமுறையைப் பற்றி. அன்றாடம் அதே கட்டடத்தில் நிறுத்தப்படும் ஏழைக்கு இவ்வளவு பொறுமையான விசாரணை கிடைப்பதில்லை.

கேள்வி: எல்லா மாநிலங்களிலும் இது உண்டா? (சேலம்)

இல்லை. மாநிலங்களுக்குக் கட்டாயமில்லை என்று 1884-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெக்சாஸ், நியூயார்க் போன்றவை பெருங்குற்றங்களுக்கு வைத்திருக்கின்றன. கனெடிகட் மாநிலத்தில் குற்றம் சாட்டும் கிராண்ட் ஜூரி இல்லை; பென்சில்வேனியாவில் விதிவிலக்கான சில வழக்குகளில் மட்டும் உண்டு. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் நீதிபதி முன்னால் ஆரம்பக்கட்ட விசாரணைதான்.

கேள்வி: இந்தியாவில் எப்போதாவது இருந்ததா? (சென்னை)

உங்கள் ஊரிலேயே இருந்தது. 1665-ல் புனித ஜார்ஜ் கோட்டையில், அடிமைச் சிறுமியைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற பெண் மீது வழக்கு. கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது, விசாரணை ஜூரி விடுவித்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் நீடித்த கிராண்ட் ஜூரி முறை 1865-ல் ஒழிக்கப்பட்டது. இங்கிலாந்தே 1933-ல் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பழைய கம்பெனி விவகாரத்தில் மத்திய கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. போகாமல் இருக்கலாமா? (எடிசன், நியூஜெர்சி)

கூடாது. குடியுரிமை இல்லை என்பது விலக்காகாது. முதல் வேலையாக ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். கம்பெனி ஏற்பாடு செய்யும் வக்கீல் கம்பெனியின் வக்கீல் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் வெறும் சாட்சியா, சந்தேகத்துக்கு உள்ளானவரா என்று அரசு வழக்கறிஞரிடம் அவர் கேட்டுச் சொல்வார். அறைக்குள் அவர் வர முடியாது. ஆனால் வாசலில் காத்திருப்பார், நீங்கள் அனுமதி கேட்டு வெளியே வந்து ஆலோசிக்கலாம். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்வதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பை நீதிமன்ற உத்தரவாகக் கொடுத்துவிட்டால் பேசித்தான் ஆக வேண்டும். மறுத்தால் 18 மாதம் வரை சிறையில் வைக்கலாம். ராணுவ ரகசியங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த செல்சி மேனிங் 2019-ல் அப்படித்தான் உள்ளே போனார். பழைய மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை, விசாவும் போகலாம்.

கேள்வி: குடியுரிமை வாங்கிய கையோடு மத்திய கிராண்ட் ஜூரிக்கு அழைப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் போக வேண்டும்? சம்பளம்? (டாலஸ்)

பணிக்காலம் 18 மாதம் வரை, அதை 6 மாதம் நீட்டிக்கவும் முடியும். தினமும் போகத் தேவையில்லை; வாரத்துக்கு ஒருநாளோ மாதத்தில் சில நாட்களோ, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். நாளொன்றுக்கு 50 டாலர், 45 நாள் உட்கார்ந்தபின் 60 டாலர் வரை உயரலாம். ஜூரி வேலைக்குப் போனதற்காக முதலாளி உங்களை வேலையை விட்டு அனுப்ப முடியாது, ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க மத்திய சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருந்தால் முன்கூட்டியே நீதிமன்ற அலுவலகத்துக்கு எழுதித் தள்ளிப்போடக் கேளுங்கள். உள்ளே போனபின் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்: சாட்சியிடம் ஜூரிகளும் கேள்வி கேட்கலாம். அங்கே கேட்டதை வெளியே, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. பணிக்காலம் முடிந்த பிறகும் அதே விதிதான்.