முதல் பச்சை

அன்புள்ள அம்மா,

கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். புகைப்படக் கலைஞன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் வழியில் மார்ச் மாதம் எரிந்துபோன ஒரு சரிவை ஆகஸ்டில் போய்ப் படமெடுத்தேன். கரிந்த மரங்களுக்கு நடுவே பச்சை பொங்கி நின்றது. ‘மறுபிறவி’ என்று பெயரிட்டுப் புதுச்சேரியில் கண்காட்சி வைக்கப்போகிறேன். 1988-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிந்து மீண்டதுபோல, நெருப்புதானே காட்டைப் புதுப்பிக்கிறது? ஆனால் அழிவை அழகாக்குவது தவறு என்கிறார்கள் நண்பர்கள். தவறா? படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதா, வண்ணத்திலா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதை உங்கள் கண்ணிடமே விட்டுவிடுகிறேன். அழிவை அழகாகக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எரிந்த மரம் அழகாகத்தான் இருக்கிறது.

என்னை உறுத்தியது இரண்டாவது படம். கரிக்கட்டையாய் நிற்கும் ஒரு மரம், பின்னால் மூடுபனி, காலடியில் இடுப்பளவு பச்சை. கரியின் மேல் ஈரம் மின்னுவதுவரை தெரிகிறது. உங்களுக்கு நல்ல கண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதிரெதிராக இலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல், சதுரமான தண்டு, ஒரு மூலையில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூங்கொத்து. தம்பி, அது உண்ணிச்செடி. மறுபிறவி என்று நீங்கள் கொண்டாடுவது உண்ணிச்செடியை!

அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக்கு அழகு என்று வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். மேலே எரிந்தாலும் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். தழைத்துவிட்டால் அடியில் ஒரு கன்று தலையெடுக்க வெளிச்சம் கிடைக்காது. கோடையில் அதன் சுள்ளிகள் காய்ந்து, தரையோடு போகவேண்டிய தீயைக் கிளைக்கு ஏற்றிவிடும். அடுத்த தீக்கு அடுக்கிவைத்த விறகைத்தான் சட்டம் போட்டு மாட்டப்போகிறீர்கள்.

யெல்லோஸ்டோனைத் துணைக்கு அழைக்காதீர்கள். 1988-இல் அந்தப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஏறக்குறைய 7.9 லட்சம் ஏக்கர், தீயின் கையில் சிக்கியது. அங்கே லாட்ஜ்போல் பைன் என்று ஒரு மரம். அதன் காய்களில் பல, பிசினால் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். சூடு பட்டால்தான் வாய் திறந்து விதை உதிர்க்கும். நம் தேக்கும் கருமருதும் அப்படி விதையைப் பூட்டிவைப்பதில்லை. இங்கே கன்று கருகினால் வேர் தாங்கிப் பிடித்து மறுபடி துளிர் விடும். மறு வருஷமும் தீ வந்தால் மறுபடி தரைமட்டம். ஆளுயரம் தாண்டுவதற்குள் எத்தனை முறைதான் அது எழுந்திருக்கும்? நம் காடுகளில் பற்றும் தீ பெரும்பாலும் மனிதர் வைத்த தீ. காட்டைப் புதுப்பிக்கும் நெருப்பு என்று அதைக் கண்காட்சிச் சுவரில் எழுதாதீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் என் பெரியம்மாவின் கொல்லையில் முந்திரி முழுக்கச் சாய்ந்துவிட்டது. கிணற்றடியில் அவருடைய மாமனார் வைத்த பலா ஒன்று, பாதி வேர் மண்ணிலும் பாதி வேர் வெளியிலுமாகப் படுத்துவிட்டது. விறகு வியாபாரிகள் வந்து எல்லாவற்றுக்கும் விலை பேசினார்கள். அந்தப் பலாவை மட்டும் பெரியம்மா கொடுக்கவில்லை.

மாசியில், படுத்த மரத்தின் மேல்கிளைகளில் துளிர் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். பலாவின் தளிரை ஓர் உறை மூடியிருக்கும். இலை விரிந்ததும் உறை உதிர்ந்து, அந்த இடத்தில் கிளையைச் சுற்றி மோதிரம்போல ஒரு வடு நிற்கும். புதுக் கிளையில் மூன்று வடுக்களை எண்ணினேன். அழுதுவிட்டேன்.

அந்த வாரம்தான் ஒரு புகைப்படக்காரர் வந்தார். தரையோடு தரையாகப் படுத்து, பெயர்ந்த வேருக்கு ஊடாக அந்தத் துளிரை எடுத்தார். நல்ல மனிதர், பெரியம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். “அடுத்த வருஷமும் வந்து, இதே இடத்தில் எடுப்பீர்களா, தம்பி?” என்று பெரியம்மா கேட்டார். கட்டாயம் வருகிறேன் அம்மா என்றார். வரவில்லை.

அந்தத் துளிர்கள் சித்திரை வெயிலில் சுருண்டு கருகிவிட்டன. மரம் தன் உடம்பில் மிச்சமிருந்ததைச் செலவழித்து விட்ட இலைகள் அவை. பிறகு ஆவணியில், நாலு மழை பெய்தபின், மண்ணுக்குள் இருந்த பாதி வேருக்கு நேர்மேலே, அடிமரத்தில் வேறொரு துளிர் எழுந்தது. கட்டைவிரல் பருமன். இன்று கிணற்றடியில் நிற்கும் மரம் அதுதான். அதை யாரும் படமெடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார். ஆகஸ்டில் ஒரு நாள் போய் நின்றுவிட்டு மறுபிறவி என்று எப்படிச் சொல்ல முடிகிறது உங்களால்? 1870களில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் முதலியோர் அமெரிக்க மேற்கில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, 1977 முதல் மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வோர் இடமாகத் தேடிப் போனார்கள். பழைய படத்தில் நிழல் எங்கே விழுந்ததோ அங்கே விழும்வரை காத்திருந்து எடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? முதுமலையில் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடித்த கன்றுக்கும் எண் கொடுத்து, எது பிழைத்தது, எது போனது என்று இந்திய அறிவியல் கழகத்தார் கணக்கெடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் பொறுமை கலைஞனுக்கு வேண்டாமா?

கண்காட்சிக்குப் புதுச்சேரி வருகிறீர்களே, செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1955-இல் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் படங்களில் இருக்கும் ஒவ்வோர் இலைக்கும் பெயர் தெரிந்துகொண்டு, படத்துக்குக் கீழே அந்தப் பெயரை எழுதுங்கள்.

கண்காட்சியைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். திறப்பு நாளன்று நான் வருகிறேன்.

இன்னொன்று. முதல் படத்தின் இடது ஓரத்தில், பாறையை ஒட்டி, உள்ளங்கையைவிடப் பெரிய இரண்டு இலைகளோடு ஒன்று நிற்கிறது. நீங்கள் கவனித்தே எடுத்தீர்களா தெரியாது. எனக்குத் தேக்குக் கன்றுபோலத் தெரிகிறது. அன்றைக்கு நின்ற இடம் நினைவிருக்கிறதா? பக்கத்தில் எந்த மைல்கல்? அடுத்த மார்ச்சில் போய், அது இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.